ஏழாம் அத்தியாயம்: மலபார் பிரின்ஸஸை மரத்தில் வடித்தல்

சென்ற அத்தியாயம் வரையில் நாம் செய்து பழகியவை நேரான உடலும் தட்டையான பக்கங்களும் உடைய எளிய விமானங்கள். கட்டையைச் சதுரமாக அறுத்து, மூலைகளை மழித்து, இரண்டு சிறகுகளைச் செருகிவிட்டால் பார்ப்பவர் இன்னதென்று கண்டுகொள்வார். இந்த அத்தியாயத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் விமானம் அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. 1948-ஆம் வருஷம் ஜூன் மாதம் 8-ஆம் தேதி, ஏர் இந்தியா இன்டர்நேஷனல் கம்பெனியின் முதல் சர்வீஸாக, 35 பிரயாணிகளையும் அவர்களுள் ஒருவராக ஜே. ஆர். டி. டாட்டாவையும் ஏற்றிக்கொண்டு, பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா மார்க்கமாக லண்டனுக்குப் புறப்பட்டதே ‘மலபார் பிரின்ஸஸ்’ என்னும் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம். அதைத்தான் மரத்தில் வடிக்கப்போகிறோம். அதன் உடலில் தலையிலிருந்து வால் வரையில் ஓர் அங்குலமாவது நேர்கோடு இருக்கிறதா என்று தேடினால் கிடைப்பது அரிது. அந்த அருமைதான் அதைச் செய்வதிலுள்ள கஷ்டம் முழுவதற்கும் காரணம். செய்து முடித்தபின் உண்டாகும் திருப்திக்கும் அதுவே காரணம்.

விமானத்தைப் பற்றிச் சில விவரங்களை முதலில் தெரிந்துகொள்வது வேலைக்கு உதவும். ஹால் ஹிப்பர்ட், கெல்லி ஜான்சன் என்ற இரு பொறியியல் நிபுணர்களின் தலைமையில் உருவான கான்ஸ்டலேஷன், 1943 ஜனவரி 9-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. பல வடிவ பேதங்களையும் சேர்த்து மொத்தம் 856 விமானங்கள் கட்டப்பட்டன. ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1948 மார்ச்சில் பதிவான கம்பெனி. அது வாங்கிய வகை எல்-749. இந்த எண்ணை மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கடைகளிலும் புத்தகங்களிலும் அதிகமாக அகப்படும் படங்கள் பிற்காலத்துச் சூப்பர் கான்ஸ்டலேஷனுடையவை. அது இதைவிட 18 அடிக்குச் சற்றுக் கூடுதலாக நீண்டது. அதன் ஜன்னல்கள் சதுரப் பாங்கானவை. நம் விமானத்தின் ஜன்னல்களோ வட்டமானவை. சதுர ஜன்னல் கண்ட படத்தை வைத்துக்கொண்டு வேலை தொடங்கினால், முடிவில் கிடைக்கும் பொருள் மலபார் பிரின்ஸஸாக இராது.

இதன் வளைவுக்கும் காரணங்கள் உண்டு. ஏறக்குறைய 15 அடி விட்டமுள்ள புரொப்பெல்லர்கள் தரையில் படாமல் சுழல வேண்டுமானால் விமானம் உயர்ந்த கால்களில் நிற்க வேண்டும். முன்கால் அளவுக்கு மீறி நீளாதிருக்கும் பொருட்டு மூக்கைச் சற்றுக் கீழே தாழ்த்தினார்கள். வாலை மேலே தூக்கினார்கள். வாலில் ஒற்றைச் செங்குத்துச் சிறகு வைத்தால் அக்காலத்துக் கொட்டகைகளின் வாயிலில் நுழையாத உயரம் வந்துவிடும் என்பதால் அதை மூன்றாகப் பிரித்து வைத்தார்கள். ஆகவே கண்ணுக்கு அலங்காரமாகத் தோன்றும் ஒவ்வொன்றும் ஓர் அவசியத்தின் விளைவு. மாதிரி செய்கிறவர் இதை மனத்திற்கொண்டால், எந்த வளைவை எதற்காக எவ்வளவு காப்பாற்ற வேண்டும் என்பதில் சந்தேகம் எழாது.

பிரான்ஸ் தேசத்து ஹெல்லர் கம்பெனி இந்த எல்-749-க்கு 1:72 அளவில் பிளாஸ்டிக் கிட் வெளியிட்டதுண்டு. கிடைத்தால் வாங்கிச் செய்வதில் தவறொன்றுமில்லை. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் காஞ்சிபுரத்தில் வசிக்கும் ஒருவர், கிட் வருமா வராதா என்று காத்திருப்பது வீண் காலவிரயம் என்பது என் அபிப்பிராயம். இந்த வேலைக்கு வேண்டிய வித்தைகளுள் பெரும்பாலானவற்றை இவ்வூர்த் தெருக்களில் பரம்பரையாகச் செய்துவருகிறார்கள். தறிக்கு கிராப் போடுகிறவர், மரம் இழைக்கும் ஆசாரி, சுவாமி வாகனத்துக்குத் தகடு போர்த்துகிறவர் ஆகிய மூவரும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும்போது நமக்கு வேறென்ன குறை?

அளவும் வரைபடமும்

1:72 என்பது ஆறடி உயரமுள்ள மனிதனை ஓர் அங்குலமாக்கும் அளவு. கான்ஸ்டலேஷனின் இறக்கை விரிவு 123 அடி; அது இவ்வளவில் 52.1 சென்டிமீட்டர் ஆகும். நீளம் 95 அடி 2 அங்குலம், அது 40.3 சென்டிமீட்டர். உடலின் மிகப் பருத்த இடத்து விட்டம் சுமார் பதினொன்றரை அடி; அது 49 மில்லிமீட்டர். மேஜை மேல் வைக்க இது தாராளமான பரிமாணம். இடநெருக்கடி உள்ளவர்கள் 1:144-ஐக் கைக்கொண்டு விரிவை 26 சென்டிமீட்டராகச் சுருக்கலாம். ஆனால் முதன்முறை செய்கிறவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. சிறிய உருவத்தில் அரை மில்லிமீட்டர்ப் பிழைகூட முகத்தில் அறைந்தாற்போல் தெரியும்.

நம் சிற்ப சாஸ்திரத்தில் ஸ்தபதிகள் விக்கிரகத்தின் மொத்த உயரத்தையே 124 கூறுகளாகப் பிரித்து, அக்கூற்றை அங்குலமாகக் கொண்டு, உத்தம தசதால அளவில் முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று நிர்ணயிப்பார்கள். அந்த அங்குலம் கடை அளவுகோலில் உள்ளதன்று. அந்த விக்கிரகத்துக்கே சொந்தமானது. மாதிரி விமானத்திற்கும் இம்முறையைக் கைக்கொள்வது மிகவும் பயன் தரும். உடலின் அதிகபட்ச விட்டத்தை ஒரு பிரமாணமாக வைத்துக்கொண்டால், விமானத்தின் நீளம் எட்டுப் பிரமாணத்துக்குச் சற்று மேல், இறக்கை விரிவு பத்தரைக்குச் சற்று மேல் என்று வரும். கவராயத்தில் 49 மில்லிமீட்டரை எடுத்துப் பூட்டி அருகில் வைத்துக்கொண்டால், அடிக்கடி அளவுகோலைத் தேடாமலே, எந்த உறுப்பு எந்த உறுப்புக்கு மீறி வளர்கிறது என்பதை உடனுக்குடன் சோதிக்கலாம்.

வரைபடம் பக்கத் தோற்றம், மேல் தோற்றம், முன் தோற்றம் மூன்றும் அடங்கியதாக இருத்தல் அவசியம். பழைய விமானப் புத்தகங்களில் அகப்படும் படம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி சிறிதாகவே இருக்கும். ஜெராக்ஸ் கடையில் பெருக்கிக்கொள்ள வேண்டும். படத்தில் இறக்கை விரிவு 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 52.1, ஆகவே 289 சதவீதம். ஒரே தடவையில் அவ்வளவு பெருக்காத இயந்திரமானால் 170 சதவீதத்தில் ஒருமுறையும், அந்தப் பிரதியையே மறுபடி 170 சதவீதத்தில் இன்னொரு முறையும் எடுக்கச் சொன்னால் கணக்கு சரியாகிவிடும். இயந்திரம் தாளை இழுக்கும் திசையில் உருவம் சிறிது நீள்வது வழக்கமாதலால், விரிவு சரியாக இருக்கிறதென்று திருப்திப்பட்டுவிடாமல், நீளம் 40.3 வருகிறதா என்றும் அளந்து பார்க்க வேண்டும். பெருக்கிய படத்தில் கோடும் பருத்திருக்கும். கோட்டின் வெளி ஓரத்தையோ உள் ஓரத்தையோ கொள்ளாமல் அதன் நடுவைக் கொள்க.

படத்தை அப்படியே மரத்தில் ஒட்டிவிட ஆசை எழும். அதற்குமுன் கிராப் தாளில் ஒருமுறை மாற்றி எழுதும்படி வற்புறுத்துகிறேன். புடவைக் கரைக்கு அன்னப்பட்சி வரைகிறவர் முதலில் வெள்ளைத் தாளில் அழகாக வரைந்தாலும், அது தறியில் ஏறுவதற்கு முன் கிராப்பின் கட்டங்களில் இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடத்தைக் குறிப்பதால், அங்கே வளைவு என்பது எத்தனை கட்டத்துக்கு ஒரு கட்டம் ஏறுகிறது என்னும் கணக்காகிவிடுகிறது. நமக்கு வேண்டியதும் இதுவே. விமானத்தின் பக்கத் தோற்றத்தை மில்லிமீட்டர்க் கிராப்பில் வைத்து, மூக்கு நுனியிலிருந்து ஒவ்வொரு 20 மில்லிமீட்டருக்கும் ஒரு செங்குத்துக் கோடு கிழித்து, அந்தந்தக் கோட்டில் முதுகு எவ்வளவு உயரத்தில், வயிறு எவ்வளவு ஆழத்தில் என்று இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இருபது ஜோடி எண்கள். இந்த ஒரு பக்க அட்டவணை, மேலே மேலே மரத்தூள் படிந்து வரைபடம் கிழிந்து போனாலும், உங்களைக் காப்பாற்றும்.

மரம்

தேக்கு வேண்டாம். அதன் வரிகள் இச்சிறிய அளவில் வயலின் வரப்புகள்போல் பெரிதாகத் தெரியும், கனமும் அதிகம். தென்னமெரிக்காவிலிருந்து வரும் பால்சா கத்திக்கு இணங்குமாயினும் நகம் பட்டால் குழியும்; வளைவை நம்பி ஒப்படைக்கத் தகுந்ததன்று. குமிழ் மரம் மிகச் சிறந்தது: இலேசானது, வரி மெல்லியது, காய்ந்தபின் அதிகம் சுருங்காது. குமிழ் அகப்படாவிட்டால், மைசூர்ப் பக்கம் சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு ஆகும் வெட்பாலை. எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஆசாரியிடம் பழைய துண்டாகக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

உடல்

உடலை ஒரே கட்டையில் செதுக்கக் கூடாது. 43 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத கனமும் உள்ள இரண்டு பலகைகளை இழைத்துச் சமன் செய்து, நடுவே ஒரு செய்தித்தாளை வைத்து ஃபெவிகால் தடவி ஒட்டி, இரவு முழுவதும் இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். தாள் இடையில் இருப்பதால், வேலை முடிந்தபின் மெல்லிய உளியை ஒட்டில் செருகித் தட்டினால் இரண்டும் பிரியும். உள்ளே குடைந்துவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய நன்மை, விமானத்தின் நடுக்கோடு ஒட்டின் ரூபத்தில் மரத்துக்குள்ளேயே நிலைத்து நிற்பது. எவ்வளவு செதுக்கினாலும் அழியாத கோடு அது.

வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்து மூலைகளில் தொங்கும் கற்சங்கிலிகளைப் பார்க்காத காஞ்சிபுரவாசி இருக்க முடியாது. தாங்கும் கல்லும் தொங்கும் வளையங்களும் ஒரே பாறை. முதல் உளி விழுவதற்கு முன்பே கடைசி வளையத்துக்கு இடம் ஒதுக்காமல் அதைச் செய்திருக்க இயலாது. நம் கட்டையிலும் அதே விதி செல்லும். இறக்கைகளைத் தாங்கும் மூங்கில் குச்சிக்கான துளை, வால் தட்டுக்கான பள்ளம், முன்காலுக்கான குழி, மூக்கில் ஈயம் இடுவதற்கான அறை ஆகிய எல்லாவற்றையும், கட்டை சதுரமாக இருக்கும்பொழுதே, மூலமட்டம் வைத்துக் குறித்துத் துளைத்துவிட வேண்டும். செதுக்கி உருண்டையாகிய பின் அதன்மேல் செங்கோணம் பார்க்க எந்தக் கருவியும் உதவாது.

பிறகு கிராப்பிலுள்ள பக்கத் தோற்றத்தைக் கட்டையின் பக்கத்தில் மாற்றி, கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுக்கவும். அறுத்து எடுத்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றை மறுபடி பழைய இடத்தில் ஒட்டுநாடாவால் கட்டினால்தான் மேல் தோற்றத்தை வரைந்து அறுக்கத் தட்டையான பரப்புக் கிடைக்கும். இரண்டு தோற்றங்களும் அறுபட்டபின் கையில் இருப்பது நான்கு பட்டையான, பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் விமானமாகத் தோன்றும் ஒரு வஸ்து. இங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

கான்ஸ்டலேஷன் உடலின் ரகசியத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: குறுக்கே எங்கே வெட்டினாலும் வட்டம், ஆனால் அந்த வட்டங்களின் மையங்கள் ஒரு நேர்கோட்டில் அமையவில்லை, அடுத்தடுத்த வட்டங்களின் அளவும் ஒன்றல்ல. கட்டிய கம்பெனிக்கு இது பெரிய செலவை வைத்தது; ஒரே அளவு வளையங்களை வரிசையாக அடுக்கி உடலை வேண்டிய மட்டும் நீட்டும் சௌகரியம் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. மாதிரி செய்கிற நமக்கோ இதில் ஓர் அனுகூலம் உண்டு. வட்டத்தைச் சோதிப்பது சுலபம். தறியின் ஜக்கார்டுக்கு ஆகும் கெட்டி அட்டைகளில் துளை குத்தாதவற்றைச் சில வாங்கி, அட்டவணையின் ஒவ்வொரு ஜோடி எண்ணுக்கும் முதுகுக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரத்தை விட்டமாகக் கொண்டு, அரைவட்டம் வெட்டி, எண்ணிட்டு வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பெட்டி அட்டையைவிட இது உறுதியானது. ஓரம் நார் பிரியாது, பலமுறை வைத்து எடுத்தாலும் மழுங்காது.

நான்கு பட்டையை முதலில் எட்டுப் பட்டையாக்குக, எட்டைப் பதினாறாக்குக. ஒவ்வொரு கட்டத்திலும் பட்டைகள் தலையிலிருந்து வால் வரை ஒரே சீரான அகலத்தில் ஓடுகின்றனவா என்று கவனிக்க வேண்டும்; ஓடினால், உருவம் தானாகவே வட்டத்தை நோக்கிச் செல்லும். அவசரப்பட்டு அரத்தை எடுத்து ஓரிடத்தை மட்டும் உருட்டிப் பார்க்கும் வழக்கம் பழகுவோரிடம் அதிகம். அது கூடாது. உடல் முழுவதும் ஒருங்கே முன்னேற வேண்டும். ஓரிடம் முடிந்து ஓரிடம் முடியாத நிலையில் கண் ஏமாறும். பதினாறு பட்டைக்குப் பின் உளியை வைத்துவிட்டு உப்புத்தாளைக் கையில் எடுக்கலாம். 120-ஆம் எண் தாளைக் கட்டையில் சுற்றாமல், இரண்டு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து, செருப்புத் துடைக்கும் பையன் துணியை இழுப்பதுபோல் இருபுறமும் பிடித்து மாற்றி மாற்றி இழுத்தால் வட்டம் வெகு சீக்கிரம் அமையும். அட்டை அரைவட்டத்தை வைத்து விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் எந்த இடத்தில் கசிகிறதோ அது பள்ளம், அட்டை எங்கே தட்டுகிறதோ அது மேடு. மேட்டில் பென்சில் தடவி, அந்தப் பென்சில் மறையும் வரை தேய்த்து, மறுபடி வைத்துப் பார்க்கவும்.

மூக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் பார்த்த மரக் கான்ஸ்டலேஷன்களில் பெரும்பாலானவை கெட்டுப்போயிருப்பது மூக்கில்தான். அது தாழ்ந்திருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தும், கை தன் போக்கில் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சமச்சீரான முட்டைபோல் ஒன்று உருவாகி, மற்றெல்லாம் சரியாக இருந்தும், பார்ப்பவருக்கு ஏதோ வேறு விமானம் என்ற எண்ணம் வருகிறது. பக்கத்திலிருந்து பார்க்கும்பொழுது முதுகின் கோடு விமானி அறைக்கு மேலிருந்து இறங்கத் தொடங்கி மூக்கு நுனி வரையில் இறங்கிக்கொண்டே போக வேண்டும். வயிற்றுக் கோடு அவ்வளவு ஏறலாகாது. இந்த ஒரு லட்சணம் அமைந்துவிட்டால், ஜன்னலும் எழுத்தும் இல்லாத மரக்கட்டையைக்கூடத் தெரிந்தவர்கள் தூரத்திலேயே கான்ஸ்டலேஷன் என்று சொல்லிவிடுவார்கள்.

இறக்கைகளும் வாலும்

இறக்கையின் வடிவம், அதே கம்பெனியின் லைட்னிங் என்ற யுத்த விமானத்தின் இறக்கையைத் தழுவிப் பெரிதாக்கப்பட்டது. வேர் பருத்தும் நுனி குறுகியும் நல்ல மெலிவாக ஓடுவது. இரண்டு தனிப் பலகைகளில் செய்து, உடலின் குறுக்கே முன்னமே இட்ட துளை வழியாக ஒரு மூங்கில் குச்சியைச் செலுத்தி இருபுறமும் கோக்க வேண்டும். முன் தோற்றத்தில் இறக்கைகள் நுனியை நோக்கி உயர்ந்திருப்பதைக் காணலாம். அந்த ஏற்றத்தைக் கண்மதிப்பில் விடாமல், அட்டையில் இரண்டு தாங்கிகள் வெட்டி, நுனிகளை அவற்றின் மேல் வைத்துவிட்டு, அரால்டைட் இறுகும் வரை தொடாமல் இருப்பதே உத்தமம். ஒட்டின் சந்தில் பட்டி பார்க்கும்போது, இறக்கையும் உடலும் சேருமிடத்தில் ஓடும் மெல்லிய வளைவுக்காகச் சற்று அதிகமாகவே பட்டி வைத்து, ஈர விரலால் இழுத்து விடவும்.

நான்கு எஞ்சின் கூடுகளில் உட்புற இரண்டில்தான் சக்கரக் கால்கள் மடங்கி நுழையும். ஆகவே அவை வெளிப்புறத்தவற்றைப்போல் இரா. ஒரே அச்சில் நான்கையும் கடைந்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம். பதினெட்டு சிலிண்டர்கள் கொண்ட ரைட் எஞ்சினின் முகப்பில் வெளியே தெரிவது முன் வரிசை ஒன்பது மட்டுமே. கறுத்த அட்டை வட்டத்தில் ஒன்பது சிறு மூங்கில் துண்டுகளை ஆரம்போல் ஒட்டினால் இந்த அளவுக்குப் போதும். புரொப்பெல்லர் மூன்று இதழ் உடையது, மாதிரியில் 64 மில்லிமீட்டர் விட்டம். நான்கும் ஒரே திசையில், பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் செல்லும் பக்கமாகச் சுழல்பவை. இதழ்களின் திருகலை அதற்கேற்ப அமைக்க வேண்டும். இடது வலது என்று ஜோடி சேர்த்து எதிரெதிராகத் திருகிவிடுவது அடிக்கடி காணும் பிழை.

வாலின் மூன்று செங்குத்துச் சிறகுகளை இரண்டு மில்லிமீட்டர்ப் பிளைவுட்டில் வெட்டி ஓரங்களை மெலிவிக்கலாம். அவற்றின் நிலையை முன் தோற்றத்தைப் பார்த்தே தீர்மானிக்க.

தகடு போர்த்தல்

மலபார் பிரின்ஸஸின் உடல் பெரும்பாலும் வர்ணம் பூசாத அலுமினியம். வெள்ளி நிறப் பெயின்டை அடித்தால் அது வெள்ளி நிறப் பெயின்டாகவே தெரியும், உலோகமாகத் தெரியாது. வைகாசி உற்சவத்தில் பெருமாள் எழுந்தருளும் வாகனங்களைப் போன்றவற்றை மரத்தில் செதுக்கித் தகடு போர்த்துகிறவர்கள் கண்ட வழிதான் இங்கும் சரியானது: மரம் உருவத்தைத் தரட்டும், உலோகம் ஒளியைத் தரட்டும். நமக்குத் தேவையான தகடு சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள்.

அதற்குமுன் மரத்தின் வரிகள் முற்றும் அடைபட வேண்டும். சாண்டிங் சீலரில் கொஞ்சம் முகப் பவுடரைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் 220, 400, 600 என்று உப்புத்தாளை மெல்லிதாக்கிக்கொண்டே தேய்த்து, மறுபடி பூசி மறுபடி தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலையும் தகடு காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் கண்ணை நம்பாமல் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுக.

தங்க ரேக் ஒட்டுவதற்கென்று விற்கும் வார்னிஷைத் தாளின் ஒரு புறத்தில் மிக மெல்லிதாகத் தடவி, விரலில் ஒட்டும் பக்குவம் வரும்வரை காத்திருந்து, பிறகே வைக்க வேண்டும். இரு திசைகளிலும் வளையும் பரப்பில் அகன்ற தாள் சுருங்கி மடியும். ஆகவே நிஜ விமானத்தின் தகடுகள் எப்படிப் பிரிந்திருக்கின்றனவோ அப்படியே சிறு சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டுக. வாலிலிருந்து தொடங்கி மூக்கை நோக்கி வந்தால் முன் தகடு பின் தகட்டின்மேல் மயிரிழையளவு ஏறி அமையும். இத்தாளுக்குப் பளபளப்பான புறம் ஒன்றும் மங்கிய புறம் ஒன்றும் உண்டு. இரண்டையும் கலந்து, சில துண்டுகளில் தேய்த்த திசையையும் மாற்றினால், ஒவ்வொரு தகடும் வெளிச்சத்தை ஒவ்வொரு விதமாக வாங்கும். வழுவழுப்பாக்கிய மூங்கில் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து விடவும்.

ஆணித் தலைகளைக் குத்திக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிஜத்தில் ஐந்து மில்லிமீட்டருள்ள ஆணித் தலை நம் அளவில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு. ஊசியால் எவ்வளவு மென்மையாகக் குத்தினாலும் அது தேங்காய் அளவு ஆணியாகத்தான் தெரியும். விட்டுவிடுக.

வர்ணமும் எழுத்தும்

ஒரு மாதிரி என்பது ஒரு குறிப்பிட்ட விமானத்தின் ஒரு குறிப்பிட்ட காலத்து உருவம். மலபார் பிரின்ஸஸின் பதிவெழுத்துகள் வி.டி.-சி.க்யூ.பி.; அது 1948-இல் சேவைக்கு வந்து, 1950 நவம்பர் 3-ஆம் தேதி ஆல்ப்ஸ் மலையில் மோன்ட் பிளாங்க் சிகரத்தருகே மோதியது; அதில் இருந்த 48 பேரும் மாண்டனர். எனவே அதற்குப் பிந்திய காலத்து ஏர் இந்தியா அலங்காரம் எதுவும் இதற்குப் பொருந்தாது. ஜன்னல்களைச் சுற்றி ஜரோகா வளைவு எழுதும் வழக்கம் ஜம்போ ஜெட் காலத்தது. கம்பெனியின் சின்னம் வில்லேந்திய அசுவ மனிதன். கொனாரக் சக்கரத்தை நினைவூட்டும் வட்டத்துக்குள் அமைந்தது. எழுத்தின் இடமும் பட்டையின் அகலமும் அந்த இரண்டு வருஷத்துக்குட்பட்ட புகைப்படங்களைக் கொண்டே முடிவு செய்யப்பட வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் கருநீலமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதையும் நினைவில் வைக்க.

தகட்டின்மேல் நேராகப் பூசிய பெயின்ட் நகம் பட்டால் உரியும். பட்டைக்கு வேண்டிய சிவப்பை ஒரு தனித் தகட்டுத் தாளில் பூசி நன்றாகக் காயவிட்டு, உருக்கு ஸ்கேல் வைத்துப் பட்டையாக வெட்டி ஒட்டுவதே நிலைக்கும். வளைந்த உடலில் நேர்ப்பட்டை நேராகத் தோன்றாது. முதலில் வெள்ளை நூலைக் கட்டிப் பார்த்து, எட்ட நின்று கண்டு, பிறகு ஒட்டுங்கள். எழுத்துக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் மெல்லிய பிரஷ்ஷால் ஒரே மூச்சில் எழுதுவதை நாம் ஒரு வாரம் முயன்றாலும் எழுத மாட்டோம். வட்ட ஜன்னல்களுக்குப் பளபளப்பான கறுப்புக் காகிதத்தில், பெல்ட்டுக்குத் துளையிடும் பஞ்சால் வட்டங்கள் குத்தி எடுத்தால் எல்லாம் ஒரே அளவாக இருக்கும்.

உள்ளே ஆசனங்களும் திரைகளும் செய்யும் ஆசை இயற்கை. சுகபோகத்துக்குப் பேர்போன விமானமல்லவா? ஆனால் இந்த ஜன்னல்கள் வழியே எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. அப்படித் தீராத விருப்பமுள்ளவர்கள் உடலைத் தாள் ஒட்டில் பிரித்து, ஒரு பாதியை மட்டும் திறந்த வெட்டுத் தோற்றமாகத் தனியே செய்யலாம். அதற்கு, தஞ்சாவூரில் பெரிய கோயிலை வடிக்கப் பயன்படுத்துகிற நெட்டியைவிட ஏற்ற பொருள் கிடையாது. கூரிய பிளேடு இருந்தால் தலையணை மடிப்பு வரையில் வெட்டலாம்.

கால்களும் எடையும்

மூன்று கால்களில் நிற்கும் விமானம். பின்பாரம் மிகுந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். தகடு போர்த்துவதற்கு முன்பே, பிரதான சக்கரங்கள் வரும் இடத்தில் இறக்கைகளின் கீழ் இரண்டு பென்சில்களை வைத்து நிறுத்திப் பார்த்து, மூக்கு தானாகக் கீழே இறங்கும் வரையில் மூக்கறையில் ஈயம் சேர்க்கவும். டயர் கடையில் சக்கரத்துக்குச் சமன் பார்க்க ஒட்டும் ஈயத் துண்டுகள் இதற்கு மிகப் பொருத்தம். வேண்டிய மட்டும் ஒடித்துப் போடலாம். இறங்கினால் மட்டும் போதாது, இன்னும் கொஞ்சம் கூட்டுக. தகடும் வர்ணமும் வாலில் எடை கூட்டும். கால்களைப் பித்தளைக் கம்பியில் செய்வது நல்லது. மரக் கால் இந்தப் பாரத்தைச் சில மாதங்கள் தாங்கிவிட்டுப் பிளந்துபோகும்.

எல்லாம் முடிந்தபின் மிச்சமிருப்பது முதுகிலிருந்து வாலுக்குச் செல்லும் ரேடியோக் கம்பி. இதற்கு நைலானும் செப்புக் கம்பியும் தேடி அலைவதைக் காண்கையில் எனக்கு வியப்பாக இருக்கும். முறுக்கேற்றாத, பசை நீக்காத ஒற்றைப் பட்டிழை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பருமனுள்ளது. நம் அளவில் நிஜக் கம்பிக்கு இதைவிடச் சரியான பிரதி கிடைக்காது. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறிவீட்டில் கேட்டாலும் ஒரு முழம் கொடுப்பார்கள். இயற்கைப் பசை நீங்காத இழையாதலால் நார் சிலிர்க்காமல் விறைப்பாக நிற்கும். வேகவைத்துப் பசை போக்கிய பட்டு இதற்கு உதவாது. ஒரு முனையை ஒட்டிக் காய்ந்தபின், மறுமுனையில் சிறு எடையைத் தொங்கவிட்டு இழுத்துப் பிடித்து ஒட்டுக. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாவு ஈரம் ஏறி வேலை தடைப்படுவது தறி வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்ததே. ஈரக் காற்றில் கட்டிய இழை வெயில் வந்ததும் விறைத்து வால் சிறகைச் சாய்க்கக் கூடும். ஆகவே மற்ற வேலைகளையெல்லாம் மழைக்காலத்தில் முடித்துக்கொண்டாலும், இந்த இழையை மட்டும் தை மாதம் பிறந்தபின் கட்டுக.